இம்மி இரும்பும் ஏழு ஆண்டும்

ரிவால்வர் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஒரு குறை தவறாமல் பேச்சில் வரும். தோட்டா போடும்போது சிலிண்டர் அறையின் வாயில் இடிக்கிறது. விரலால் ஆட்டி ஆட்டித்தான் இறக்க வேண்டியிருக்கிறது. குறைக்குப் பின்னாலேயே வைத்தியமும் வரும். அறை வாயின் கூர்விளிம்பைச் சுற்றிலும் லேசாகச் சாய்த்து மழுக்கிவிட்டால் தோட்டா வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். லேத்துப் பட்டறையில் இதைச் சாம்பர் போடுவது என்பார்கள். டிரில் மிஷின் இருக்கிறது, கவுண்டர்சிங்க் பிட் இருக்கிறது, எமரித் தாள் இருக்கிறது. வீட்டுக் கொல்லையிலேயே அரை மணியில் முடித்துவிடலாம். கை வராதவர்களுக்குக் கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்திலோ தெரிந்த லேத்துக்காரர் ஒருவர் இல்லாமலா போவார்? இம்மியளவு இரும்புதானே போகிறது!

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, அதனால்தான் பரவுகிறது. வேலை சின்னது. செய்யும் கை நம்மூரிலேயே உண்டு. பொருள் என்னுடையது, லைசென்ஸும் இருக்கிறது. குறுக்கே நிற்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். இந்த நான்கு கால்களில்தான் அந்தக் கருத்து நிற்கிறது. நான்கும் ஆட்டம் காண்பவை என்பது என் கட்சி. ஆசையை ஒருவர் வைத்துக்கொண்டு ஆபத்தை இன்னொருவர் தலையில் கட்டுவதற்கு இந்தப் பேச்சு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ‘சின்ன வேலை’ என்பதை எடுத்துக்கொள்வோம்.

இந்தியாவில் தனியார் கையில் உள்ள ரிவால்வர் பெரும்பாலும் .32 அளவு. .38, .455 போன்றவை சாதாரணக் குடிமகனுக்குத் தடைசெய்யப்பட்ட அளவுகள். கான்பூரில் அரசுத் தொழிற்சாலை பல ஆண்டுகளாகச் செய்து விற்பது .32 தான், 2014 ஜனவரியில் ‘நிர்பீக்’ என்ற பெயரில், பெண்களின் பாதுகாப்புக்கென்று சொல்லி, ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய் விலையில் வந்ததும் .32 தான். அதில் போடும் தோட்டா 1896இல் அமெரிக்காவில் பிறந்தது. அடியில் விளிம்பு கட்டிய பித்தளைக் கூடு. கூட்டின் உடல் விட்டம் சுமார் 8.56 மில்லிமீட்டர், அடிவிளிம்பின் விட்டம் சுமார் 9.53 மில்லிமீட்டர். கழித்துப் பாதியாக்கிப் பாருங்கள். சுற்றிலும் அரை மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. அறை என்பது கூட்டைவிடச் சற்று அகலமாகத்தான் இருக்கும் என்பதால் உண்மையில் இன்னும் குறைவு.

தோட்டா அறைக்குள் முழுகிப் போகாமல் தாங்கிப் பிடிப்பது இந்த அரை மில்லிமீட்டர் திண்ணைதான். மழுக்கப் போகிறவர் கைவைப்பதும் சரியாக அந்தத் திண்ணையில்தான். கவுண்டர்சிங்க்கை ஒரு அழுத்து அதிகமாக அழுத்தினால் போதும், திண்ணையில் பாதி காணாமல் போகும். விளிம்புக்கு உட்கார இடம் இல்லாவிட்டால் தோட்டா உள்வாங்கும். உள்வாங்கிய தோட்டாவின் பிரைமரை ஊசி எட்டாது. எட்டினாலும் அடி மெலிந்து விழும். உயிரைக் காக்க என்று வாங்கிய ஆயுதம் தேவைப்பட்ட நேரத்தில் ‘டிக்’ என்று மட்டும் சொல்லும். எல்லா அறையிலும் இப்படி ஆகாது, ஏதோ ஒன்றில் ஆகும். அது எந்த அறை என்பது முன்கூட்டித் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை.

அடுத்தது, சிலிண்டரின் நடுவில் இருக்கும் நட்சத்திரத் தகடு. துப்பாக்கியை மடக்கித் திறந்தால் மேலெழும்பி, சுட்ட கூடுகளை விளிம்பைப் பிடித்து வெளியே தள்ளுவது அது. ஒவ்வொரு அறை வாயின் வட்டத்திலும் ஒரு பங்கு இந்தத் தகட்டைச் சேர்ந்தது. டிரில் பிட்டுக்கு எது சிலிண்டர், எது தகடு என்று தெரியாது. வட்டம் முழுக்கச் சீவும். தகட்டின் விளிம்பு மழுங்கினால் பித்தளை விளிம்பின் மேல் அதற்குப் பிடி கிடைக்காது. கூடு நழுவித் தகட்டுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய பிறகு துப்பாக்கி மூடாது, சுழலாது. அதே தகட்டின் முதுகில்தான் சிலிண்டரை ஒவ்வொரு அறையாகத் திருப்பும் பற்களும் இருக்கின்றன. ஒரு பல் கொஞ்சம் தேய்ந்தால் அறையும் குழலும் நேர்க்கோட்டில் நிற்காது. நேர்க்கோட்டில் நிற்காத அறையிலிருந்து கிளம்பும் குண்டு குழலின் வாயில் உரசி, ஈயச் சிதறலைப் பக்கவாட்டில் துப்பும். சுடுபவரின் கைக்கும் பக்கத்தில் நிற்பவரின் முகத்துக்கும் அது போகும்.

இனி அழுத்தம். வீட்டுக் குக்கரில் விசில் வரும்போது உள்ளே இருப்பது சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. இந்தச் சின்ன .32 தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் ஏறத்தாழ 15,000 பவுண்டு. ஆயிரம் மடங்கு. அதைத் தாங்கும் பொருளில் எங்கே எவ்வளவு இரும்பு இருக்க வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் எமரித் தாளுக்கு இடம் ஒதுக்கவில்லை.

பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்கு மீதி விஷயமும் தெரியும். கையில் பிடித்த டிரில்லில் கவுண்டர்சிங்க் ஓடும்போது கொஞ்சம் ஆடினாலும் வட்டம் வட்டமாக வராது. பூப்போல அலை அலையாகத் தழும்பு விழும். வெளிவிளிம்பை மழுக்கும்போது உள்விளிம்பில் மயிரிழைப் பிசிறு எழும்பும். அந்தப் பிசிறு அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், சுட்டதும் உப்பும் பித்தளைக் கூட்டைக் கவ்விக்கொள்ளும். நுழைவதைச் சுலபமாக்கப் போய் வெளியே வருவதைக் கடினமாக்கியாயிற்று. சீவிய தூள் நட்சத்திரத் தகட்டின் அடியில் போய்த் தங்கும். ஒரே ஒரு துகள் அங்கே இருந்தாலும் தகடு முழுசாகப் படியாது. சிலிண்டர் பின்பக்கம் உரசி இறுகும். ரிவால்வர் பழகியவர் எவரும் அந்த இடத்தைத்தான் முதலில் துடைப்பார். இத்தனைக்கும் மேல், கருநிறப் பூச்சு போன வெறும் எஃகு விளிம்பு நிற்பது எந்த ஊர்க் காற்றில்? கடலோரத் தேவனாம்பட்டினத்தில் ஜன்னல் கம்பியே உப்புக் காற்றில் செதில் செதிலாக உதிர்கிறது.

‘இம்மி’ என்று இளக்காரமாகச் சொல்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் இருக்கும் பரங்கிப்பேட்டையில் 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை தொடங்கினார். சேலத்துக் காந்தக்கல் தாதுவைக் கொண்டுவந்து கரியில் உருக்கினார்கள். ஆலை நிலைக்கவில்லை. ஆனால் ஹீத் அதற்குப் பிறகு ஷெபீல்டில் செய்த வேலை நிலைத்தது. உருகிய எஃகில் எடையில் 1 முதல் 3 சதவீதம் வரை மாங்கனீஸ் சேர்மத்தைக் கலந்தால் எஃகு நன்றாக வார்க்கவும் பற்றவைக்கவும் ஏதுவாகிறது என்று 1839இல் காப்புரிமை எடுத்தார். ஷெபீல்டின் எஃகுத் தொழிலே அதனால் திசை மாறியது. அவரோ காப்புரிமைக்காக நீதிமன்றப் படியேறிக் களைத்தார். நூற்றுக்கு மூன்று பங்கு ஒரு தொழிலின் தலையெழுத்தை மாற்றும் என்றால், 8.56க்கும் 9.53க்கும் நடுவில் இருக்கும் சிறு இடைவெளியைச் சில்லறை என்று எப்படிச் சொல்வது? இரும்பு வேலையில் எல்லாமே இம்மியில்தான் இருக்கிறது. இம்மி முக்கியமில்லை என்றால் மைக்ரோமீட்டரை எதற்குக் கண்டுபிடித்தார்கள்?

இரண்டாவது கால்: ‘நம்மூர் லேத்துக்காரர் கையில் வராத வேலையா?’

கையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. நெய்வேலிச் சுரங்கத்துக்கும் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கும் சிப்காட்டுக்கும் உதிரி வேலை செய்து வளர்ந்த பட்டறைகள் இந்த வட்டாரத்தில் உண்டு. செம்மண்டலம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரும் டர்னரும் படித்து வெளியே வந்தவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். துறைமுகப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் படகின் புரொபெல்லர் தண்டுக்குப் புஷ் கடைவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தண்டைத் துணியால் துடைத்து, விரல் நுனியை ஒரு சுற்றுச் சுற்றி, “மேல்பக்கம் தின்னிருக்குண்ணே” என்றார் அந்த இளைஞர். டயல் கேஜை வைத்துப் பார்த்தபோது முள்ளும் அதையேதான் சொன்னது. இப்படிப்பட்ட கையால் ஆறு அறையின் விளிம்பையும் ஒரே அளவில் மழுக்க முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். முடியும்.

முடியுமா என்பது கேள்வியே இல்லை. செய்தது சரியா என்று யார், எதை வைத்துப் பார்ப்பது? படகுப் புஷ்ஷுக்கு வரைபடம் இல்லாவிட்டாலும் பழைய தண்டு எதிரே இருக்கிறது. புஷ் சரியில்லை என்றால் மறுநாள் விடியலில் தண்ணீர் கசியும், தண்டு சூடேறும், படகுக்காரர் திரும்பி வந்து சத்தம் போடுவார், மறுபடி கடைந்து கொடுப்பார்கள். தப்பு உடனே தெரியும், உடனே திருத்தப்படும். அந்தப் பட்டறையின் திறமை வளர்ந்ததே இந்தப் போக்குவரத்தில்தான். ரிவால்வரில் அந்தப் போக்குவரத்து கிடையாது. செய்தவரிடம் அளவுப் படம் இல்லை. அறைக்குரிய கேஜ் இல்லை. பரீட்சை பார்க்கத் தோட்டா இல்லை, அதை அவர் கையில் வைத்திருப்பதே குற்றம். வேலை எப்படி இருக்கிறது என்று என்றோ ஒரு நாள், எவரோ ஒருவர், உயிர்ப் பயத்தில் விசையை இழுக்கும்போதுதான் தெரியும். அப்போது திருத்த நேரம் இருக்காது.

துப்பாக்கித் தொழில் வளர்ந்த நாடுகள் இதை வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்துவிட்டன. லண்டனில் 1637இலேயே துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்து, சோதனை முத்திரை வழக்கம் வேர்விட்டது. பர்மிங்காமில் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தின் பேரில் சோதனை மனை எழுந்தது. வழக்கத்தைவிடக் கடுமையான மருந்துத் தோட்டாவை ஆள் பக்கத்தில் இல்லாமல் வெடித்துப் பார்த்து, விரிசலோ வீக்கமோ இல்லை என்றால்தான் முத்திரை குத்துவார்கள். துப்பாக்கியின் பலத்தைப் பாதிக்கும்படி பின்னால் கைவைத்தால் பழைய முத்திரைக்கு மதிப்பில்லை. மறுபடி சோதனைக்குப் போக வேண்டும். அங்கே இருந்த கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி மட்டுமே செய்தவர்கள். அவர்கள் கையையே நம்பாமல் சோதனையை நம்பினார்கள். நாம் லேத்துக்காரர் திறமைசாலி என்று சொல்லிச் சோதனையைத் தாண்டிப் போகப் பார்க்கிறோம். அவரைப் புகழ்வதுபோல இருக்கும் இந்தப் பேச்சு அவருக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டியதைப் பிடுங்கிக்கொள்கிறது.

மூன்றாவது கால்: ‘பொருள் என்னுடையது, லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது.’

இருக்கிறது. எதற்கு? வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும். கடலூர் மாவட்ட ஆட்சியர் தரும் அந்தப் புத்தகத்தில் ஆயுதத்தின் வகை, எண், ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பதெல்லாம் இருக்கும். ‘சீவிக்கொள்ளலாம்’ என்று இருக்காது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஆயுதம் செய்வதையும் விற்பதையும் மட்டும் தடுக்கவில்லை. மாற்றி அமைப்பது, பழுதுபார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது. வைத்திருக்கும் லைசென்ஸைக் காட்டிப் பழுதுபார்க்கும் உரிமையைக் கோர முடியாது. டிரைவிங் லைசென்ஸ் வைத்திருப்பதால் யாரும் எஃப்.சி. சான்றிதழ் எழுதிக் கொடுக்க முடிவதில்லையே.

மீறினால் என்ன? 25ஆம் பிரிவின்படி முன்பு குறைந்தது 3 ஆண்டு சிறை, அதிகபட்சம் 7 ஆண்டு. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்ததே 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். அதே திருத்தம்தான் ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாக்கியது, லைசென்ஸ் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக்கியது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த ஏழு ஆண்டு மட்டும் அவர்கள் வாயில் வருவதில்லை. காரணம் எளிது. முதல் இரண்டும் அவர்களைத் தொடுகின்றன. மூன்றாவது பெரும்பாலும் லேத்துக்காரரைத் தொடுகிறது.

‘இது பழுதுபார்ப்பதா? வெறும் ஃபினிஷிங்தானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல வக்கீல் அப்படி வாதாடலாம். ஒருவேளை ஜெயிக்கவும் செய்யலாம். துடைத்து எண்ணெய் போடுவதை யாரும் குற்றம் என்று சொல்லப் போவதில்லை. இரும்பைச் சீவி எடுப்பது அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதை ஒரு நீதிமன்றம் தீர்மானிக்கும். தீர்ப்பு வரும் வரை யார் எங்கே இருப்பார்? துப்பாக்கிக்காரர் முன்ஜாமீனோடு வீட்டில் இருப்பார். லேத்து பூட்டிக் கிடக்கும். பட்டறை மீது வாங்கிய கடனுக்கு வட்டி ஓடும். ‘துப்பாக்கி தயாரித்தவர் கைது’ என்று மாலைப் பத்திரிகையில் படம் வந்துவிடும். பின்னால் விடுதலை ஆனால் அது செய்தி ஆகாது.

ஏழு ஆண்டு என்பது இந்தச் சீவலுக்கு அதிகம் என்று நீங்கள் சொன்னால் நானும் ஒத்துக்கொள்கிறேன். கள்ளத்துப்பாக்கிக் கும்பலையும் ஒரு விளிம்பை மழுக்கியவரையும் ஒரே பிரிவில் அடைப்பது நல்ல சட்டத்துக்கு அழகில்லை. அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், மனு கொடுங்கள், உங்கள் எம்.பி.யிடம் பேசுங்கள், லைசென்ஸ் வாங்கும் அளவுக்குச் செல்வாக்குள்ளவர்களுக்கு அது எட்டாத காரியம் அல்ல. சட்டம் கடுமையாக இருக்கிறது என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டே இன்னொருவரை அதற்குள் தள்ளிவிடுவதற்குப் பெயர் எதிர்ப்பு இல்லை.

கல்வராயன் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்காக நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர் பிடிபட்டால் அது குற்றச் செய்தி. நரிக்குறவர் ஒருவர் தன் பழைய மருந்துத் துப்பாக்கிக்கு ஒரு கம்பியைக் காய்ச்சி வைத்தால் அது ‘சட்டவிரோதத் தயாரிப்பு’. 1.22 லட்சம் கொடுத்து வாங்கியவர் டிரில் பிட்டை எடுத்தால் மட்டும் அது ‘ஹாபி’. செய்யும் காரியம் ஒன்று; பெயர் மட்டும் சட்டைக்கு ஏற்றபடி மாறுகிறது.

நான்காவது கால்: ‘வெள்ளைக்காரன் போட்ட சட்டம்.’

வெள்ளைக்காரன் போட்டது 1878இல், லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது. இந்தியன் ஆயுதம் வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு என்று பாகுபாடு காட்டிய சட்டம். அதை எதிர்த்து காங்கிரஸ் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டது உண்மை. 1931 கராச்சி மாநாட்டில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அடிப்படை உரிமைகளில் சேர்த்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தீர்மானமே ‘ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு’ என்ற நிபந்தனையோடுதான் அந்த உரிமையைச் சொன்னது. 1878 சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம் இயற்றியது 1959 சட்டம். அது 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிறம் பார்த்துத் தந்த விலக்கு போய்விட்டது. 2019இல் அதைக் கடுமையாக்கியதும் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள்தான். இதை வெள்ளைக்காரன் தலையில் கட்டுவது நம் பொறுப்பை நாமே தட்டிக்கழிப்பது.

இந்த இடத்தில் வாஞ்சிநாதன் பெயரை இழுப்பவர்களும் உண்டு. கடலூரை ஒட்டிய பாண்டிச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகி, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டவர். அவர் செய்தது சரியா தவறா என்று விவாதிப்பவர்கள் விவாதிக்கட்டும். அவர் தன் காரியத்துக்கு விலையாகத் தன் உயிரையே அங்கேயே கொடுத்தார். தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்பதற்காகப் பக்கத்துத் தெரு லேத்துக்காரரைப் பணயம் வைப்பவர்கள் அந்தப் பெயரைத் தொடாமல் இருப்பது நல்லது.

நான்கு காலும் போன பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இந்த வேலை எதற்கு?

அறை வாயை மழுக்கும் பழக்கம் வந்தது எங்கிருந்து? அமெரிக்காவில் ரிவால்வர் போட்டிகளில் வினாடிக் கணக்கில் மறுபடி தோட்டா நிரப்ப வேண்டும். ஆறு தோட்டாவையும் ஒரு வளையத்தில் கோத்து ஒரே அமுக்கில் உள்ளே தள்ளுவார்கள். ஆறில் ஒன்று இடித்தாலும் நேரம் போய்விடும். அதனால் விளிம்பை மழுக்குகிறார்கள். அங்கேயும் போட்டிக்காரர்கள் பலர் தங்கள் துப்பாக்கியை அதற்கென்றே இருக்கும் கன்ஸ்மித்திடம்தான் கொடுக்கிறார்கள். அவரிடம் அளவும் உண்டு, கேஜும் உண்டு, சுட்டுப் பார்க்க இடமும் உண்டு, தப்பானால் பதில் சொல்லும் பொறுப்பும் உண்டு. அவர்கள் செய்வதை வீடியோவில் பார்த்துவிட்டு நாம் எடுத்துக்கொள்வது டிரில் பிட்டை மட்டும்.

நம் ஊர் ரிவால்வரின் வாழ்க்கை என்ன? பீரோவில் துணி சுற்றிக் கிடக்கும். சட்டமன்றத் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல், உள்ளாட்சித் தேர்தல் என்று ஒவ்வொரு முறையும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். முடிவு வந்த பிறகு திரும்ப வாங்க வேண்டும். ஆண்டுக்கு வாங்கும் தோட்டாவே எண்ணி எண்ணி. முதல் ஆறையே சுடாதவருக்கு இரண்டாவது ஆறை இரண்டு வினாடியில் நிரப்பும் வசதி எதற்கு? ‘செய்து பார்த்துச் சரியாக வந்திருக்கிறதா என்று தோப்பில் இரண்டு சுட்டுப் பார்த்தேன்’ என்று யாராவது சொன்னால் அது அடுத்த வழக்கு. அஜாக்கிரதையாகவோ கொண்டாட்டத்துக்கோ சுட்டுப் பிறர் பாதுகாப்புக்குக் கேடு வரவைத்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதே 2019 திருத்தம் சொல்லிவைத்திருக்கிறது.

தோட்டா நிஜமாகவே இடிக்கிறது என்றால் என்ன செய்வது? முதலில் அறையையும் நட்சத்திரத் தகட்டின் அடியையும் சுத்தம் செய்து பாருங்கள். மருந்துக் கரியும் காய்ந்த எண்ணெயும் படிந்தே பாதி இடிப்பு வரும். அதற்கு அடுத்து வேறு தயாரிப்புத் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். கூட்டின் வாயே சப்பையாகி இருக்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் பழுதுபார்க்க லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடம் ரசீதோடு கொடுங்கள். அல்லது செய்த தொழிற்சாலைக்கே எழுதுங்கள். அலைச்சல்தான், சென்னைக்கு ஒன்றிரண்டு நடை ஆகலாம். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பொருளின் விளிம்பில் பிசிறு இருந்தால் செய்தவரைக் கேட்க வேண்டும். அந்தக் கோபத்தை எமரித் தாளில் தேய்த்துத் தீர்த்துக்கொண்டால் தொழிற்சாலை திருந்த வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. இந்த வேலையை வீட்டில் செய்துகொள்ளும் ஒவ்வொருவரும் தொழிற்சாலைக்கு வக்காலத்து வாங்குகிறார்.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் பெரியவர், கடன் கேட்டால் கொடுப்பவர், ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லக்கூடியவர் வந்து நின்றால் முடியாது என்று சொல்வது கஷ்டம் என்பது தெரியும். ஆகவே முடியாது என்று சொல்ல வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை நீட்டுங்கள். ‘என் லைசென்ஸ் எண் இன்னது, இந்தத் துப்பாக்கியின் எண் இன்னது, இதன் அறை விளிம்பைச் சீவச் சொன்னது நான், இதனால் வரும் வழக்குக்கும் விபத்துக்கும் நானே பொறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் கோர்ட்டில் உங்களைக் காப்பாற்றாது. ஆனால் வந்தவர் அதைப் படிப்பார். சின்ன வேலை, இம்மி இரும்பு, நம்ம ஊர் சட்டம் எனக்குத் தெரியாதா என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் பேனாவை எடுக்க மாட்டார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். உங்கள் லேத்து நாளைக்கும் ஓடும்.